டிரை ஒயிட் ஒயின்: பச்சை வாசனை போனா எல்லாம் போயிடுச்சா?

ரிசோட்டோ செய்யலாம்னு யூடியூபைத் திறந்த எல்லாருமே ஒரு இடத்துல மாட்டியிருப்பீங்க. வெங்காயம் வதக்கியாச்சு, அரிசி போட்டாச்சு, அடுத்து அந்த ஷெஃப் சிரிச்சுக்கிட்டே "அரை கப் டிரை ஒயிட் ஒயின்"னு ஊத்துவார். நாம வீடியோவை பாஸ் பண்ணிட்டு யோசிப்போம். அது என்ன டிரை? தண்ணியா இருக்கிற ஒண்ணு எப்படி டிரையா இருக்கும்? எதை வாங்கணும்? வாங்காம செய்ய முடியாதா? சீஸ் எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்லயும் இதே கேள்விதான் அதிகம்.

ஒயின் குடிக்கிறதைப் பத்தின எபிசோடு இல்ல இது. கிளாஸைச் சுத்திச் சுத்தி மோந்து பார்த்துட்டு "மழையில நனைஞ்ச கல் வாசனை வருது"ன்னு சொல்ற திறமை எனக்கு சத்தியமா கிடையாது. நான் ஒரு பாட்டில் வாங்கினா முக்கால்வாசி சட்டிக்குத்தான் போகும். அப்படிச் சமைச்சுப் போட்டதுல ஒரு ஃப்ரெண்ட் விஷயத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன். அதையும் இன்னைக்குச் சொல்லணும்.

முதல்ல அந்த 'டிரை'யை முடிச்சிடலாம். அப்படியே மொழிபெயர்த்தா 'உலர் வெள்ளை ஒயின்'னு வரும், ஒண்ணும் புரியாது. அர்த்தம் ரொம்ப சிம்பிள்: இனிப்பு இல்லாதது.

நம்ம ஊர்ப் பனைமரத்தை நினைச்சுக்கோங்க. சுண்ணாம்பு தடவின கலயத்துல இறங்கினா பதநீர், தேன் மாதிரி இனிக்கும். சுண்ணாம்பு தடவாம விட்டா அதே சாறு சில மணி நேரத்துல கள்ளாயிடும். இனிப்பு குறையும், புளிப்பு ஏறும், போதை வரும். அந்த இனிப்பு எங்க போச்சு? ஈஸ்ட் தின்னுடுச்சு. தின்னுட்டு ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிய விட்டுடுச்சு. சுண்ணாம்பு இருந்தா அந்த ஈஸ்ட்டுக்கு வேலை ஓடாது, அவ்வளவுதான்.

திராட்சைச் சாறுக்கும் இதே கதைதான். ஏறக்குறைய எல்லா சர்க்கரையும் தீர்ற வரைக்கும் நொதிக்க விட்டா டிரை ஒயின். பாதியில குளிர வச்சு, வடிகட்டி, ஈஸ்ட்டை நிறுத்திட்டா இனிப்பு மிச்சம் இருக்கும். ஐரோப்பிய யூனியன் விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரைக்கும் சர்க்கரை மிச்சமிருந்தா லேபிள்ல டிரைன்னு போட்டுக்கலாம். புளிப்பும் அதுக்குத் தகுந்த மாதிரி இருந்தா 9 கிராம் வரைக்கும் போகலாம். எனக்கு இந்த விதிவிலக்கு ரொம்பப் பிடிக்கும். எலுமிச்சை ஜூஸ்ல ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டும் "இன்னும் கொஞ்சம் போடும்மா"ன்னு கேக்கறோம் இல்லையா? புளிப்பு இனிப்பை மறைச்சிடும்ங்கிறதை அவங்க சட்டத்துலயே எழுதி வச்சுட்டாங்க.

இங்க ரெண்டு குழப்பம் வரும். பழ வாசனை வந்தா இனிப்புன்னு நினைக்கிறது ஒண்ணு. சோவின்யோன் பிளாங் திறந்தா கொய்யா, பேஷன் ஃப்ரூட், சில நேரம் குடைமிளகாய் வாசனை கூட வரும். நாக்குல வச்சா சர்க்கரையே இருக்காது. மூக்கு ஒண்ணு சொல்லுது, நாக்கு ஒண்ணு சொல்லுது. இன்னொண்ணு, வாய் வறண்டு போற மாதிரி இருந்தா அதுதான் டிரைன்னு நினைக்கிறது. அந்த வறட்சி டானின்னால வர்றது, ரெட் ஒயின்ல அதிகம். இங்கிலீஷ்ல படிக்கிறவங்க இதுல ரொம்பவே குழம்பிப் போறாங்க. நமக்குப் பிரச்சினையே இல்ல. வாழைப்பூ, நெல்லிக்காய் எல்லாம் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அதுக்குன்னே ஒரு சொல் இருக்கு: துவர்ப்பு. அது வேற, டிரை வேற.

லேபிள்ல பிரெஞ்சுல 'செக்', இத்தாலியன்ல 'செக்கோ', ஜெர்மன்ல 'ட்ரோக்கன்'னு போட்டிருந்தா டிரைன்னு அர்த்தம். ஷாம்பெயின் மாதிரி நுரைக்கிற ஒயின்கள் விதிவிலக்கு. அங்க 'செக்'னு போட்டா லிட்டருக்கு 17லிருந்து 32 கிராம் வரைக்கும் சர்க்கரை, நல்லாவே இனிக்கும். இனிப்பு வேணாம்னா 'ப்ரூட்' பார்க்கணும். 19-ம் நூற்றாண்டுல ஷாம்பெயின் அவ்வளவு இனிப்பா இருந்துச்சு, அதோட ஒப்பிட்டா இதெல்லாம் டிரை. டேஸ்ட் மாறிடுச்சு, பேர் அப்படியே நின்னுடுச்சு. பத்து வருஷம் பழைய கோடுல 'நியூ_ஃபைனல்_2'ன்னு ஒரு ஃபங்ஷன் பேரைப் பார்த்தவங்களுக்கு இது புரியும்.

சரி, சமையலுக்கு ஏன் டிரைதான் கேக்கறாங்க? சட்டியில ஒயினை வத்த விடுவோம். தண்ணி போகும், ஆல்கஹால்ல ஒரு பங்கு போகும், சர்க்கரை எங்கயும் போகாது. லிட்டருக்கு 4 கிராம் இருக்கிற ஒயின்ல 200 மில்லி ஊத்தினா ஒரு கிராம் சர்க்கரைகூட வராது. லிட்டருக்கு 40 கிராம் இருக்கிறதை ஊத்தினா 8 கிராம், ரெண்டு டீஸ்பூன். மீனுக்கான சாஸ்ல ரெண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்டுட்டு மேல உப்பு போட்டு சரி பண்ண முயற்சி பண்ணிப் பாருங்க.

ஒயின்ல நமக்கு நிஜமா வேண்டியது புளிப்பு. திராட்சையோட முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம். பழங்கள்ல இது அதிகமா இருக்கிறது அபூர்வம். திராட்சையில உண்டு, இன்னொண்ணு நம்ம புளி. ரசத்துல, காரக்குழம்புல நாக்கைச் சுண்டுதே, அந்தப் புளிப்புதான். ஆக, மிலன்ல ஒரு பாட்டி ரிசோட்டோல ஒயின் ஊத்துறதும், மதுரையில ஒரு பாட்டி குழம்புல புளியைக் கரைச்சு ஊத்துறதும் கெமிஸ்ட்ரில பக்கத்துப் பக்கத்து வீடு. வெண்ணெய், சீஸ், அரிசி மாவுச்சத்துன்னு எல்லாமே கனமா, வழவழன்னு இருக்கிற ஒரு சட்டியில எதாவது ஒண்ணு வெட்டிக் கொடுக்கணும். அந்த வேலையைத்தான் ஒயின் செய்யுது.

இதைத் தெரிஞ்சுக்கிட்ட ஆர்வத்துல நான் ஒரு தடவ ஒயினுக்குப் பதிலா புளித்தண்ணி ஊத்தி ரிசோட்டோ செஞ்சேன். அமிலம் ஒண்ணுதான். ஆனா தட்டுல வந்தது வெண்ணெய் போட்ட புளியோதரை. மோசமில்ல, முழுசா சாப்பிட்டேன். ஆனா அது ரிசோட்டோ இல்ல.

புளிப்பு மட்டும்தான் வேலைன்னா வினிகர் போதுமே? ஒயின் வேற சிலதும் செய்யும். கோழியையோ காளானையோ நல்லாச் சிவக்க வறுத்தா அடியில பழுப்பா ஒரு படலம் ஒட்டும். நம்ம வீட்டுல "அடிப்பிடிச்சிடுச்சு"ன்னு திட்டு வாங்குற விஷயம், ஆனா கருகாம பழுப்பா இருக்கிற வரைக்கும் ருசியெல்லாம் அங்கதான் இருக்கு. அதுல ஒயினை ஊத்தி மரக்கரண்டியால சுரண்டினா எல்லாம் கரைஞ்சு சாஸ் ஆயிடும். தண்ணில கரையாத சில வாசனைப் பொருள்கள் ஆல்கஹால்ல கரையும்ங்கிறதும் ஒரு காரணம்.

ஸ்விட்சர்லாந்துல சீஸ் ஃபோண்டூ செய்றப்போ ஒயின் ஊத்துறதுக்குப் பின்னாடி இன்னும் அழகான விஷயம் இருக்கு. சீஸ்ல புரோட்டீன்களை ஒண்ணோட ஒண்ணு கட்டி வச்சிருக்கிறது கால்சியம். வெறும் தண்ணில சூடு பண்ணினா புரோட்டீன் ஒரு பக்கம் ரப்பர் மாதிரி திரண்டு, கொழுப்பு ஒரு பக்கம் எண்ணெயா பிரியும். ஒயின்ல இருக்கிற டார்டாரிக் அமிலம் அந்தக் கால்சியத்தைப் பிடிச்சு இழுத்துக்கும், புரோட்டீன் தளர்ந்து வழவழப்பா கரையும். ருசிக்காக மட்டும் ஊத்துறது இல்ல, இல்லாட்டி அந்த டிஷ்ஷே நிக்காது.

பிரான்ஸ்ல லுவார் நதி கடலை நெருங்குற இடத்துல நான்த்னு ஒரு ஊர். அங்க விளையறது மஸ்கடே, லேசான, நல்லாப் புளிக்கிற ஒயிட் ஒயின். அதையும் கொஞ்சம் வினிகரையும் சின்ன வெங்காயத்தோட சேர்த்து ஒண்ணு ரெண்டு ஸ்பூன் மிஞ்சுற வரைக்கும் வத்த விட்டு, அடுப்பைக் குறைச்சு, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த வெண்ணெயைத் துண்டு துண்டாப் போட்டு அடிச்சுக்கிட்டே இருந்தா 'பெர் ப்ளான்'னு ஒரு சாஸ் வரும். மீனுக்கு அதைவிட நல்ல துணை நான் பார்த்ததில்ல. நம்ம சாம்பார் வெங்காயம் இதுக்கு அருமையாப் பொருந்தும். முதல் ரெண்டு தடவ எனக்குப் பிரிஞ்சு எண்ணெயாயிடுச்சு, அடுப்பு அதிகம். மூணாவது தடவ வந்தது.

எங்க செஞ்சாலும் ஒண்ணு: ஸ்டீல் சட்டி பயன்படுத்துங்க. அலுமினியக் கடாய், சரியாப் பழக்காத இரும்புச் சட்டியில அமிலம் பட்டா உலோக வாடை வரும். அப்புறம் க்ரீம் சேர்க்கிற டிஷ்ஷுன்னா முதல்ல ஒயின், அது நல்லா வத்தின பிறகு க்ரீம். மாத்திப் போட்டா திரியலாம்.

எவ்வளவு நேரம் வத்த விடணும்? இதுக்கு எங்கம்மா புளிக்குச் சொல்ற அதே ரூல்: பச்சை வாசனை போகணும். ஊத்தின உடனே சட்டிக்கு மேல மூக்கை வச்சா ஒரு காட்டம் ஏறும், கண் கூசும். ரெண்டு மூணு நிமிஷத்துல அது அடங்கி, பழமும் வெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு மணம் வரும். அங்க அடுத்த ஸ்டெப் போகலாம்.

ருசிக்கு இந்த ரூல் சரி. ஆனா நான் இதை வேற ஒரு கேள்விக்கும் பதிலா வச்சிருந்தேன். அங்கதான் தப்பு.

ரெண்டு வருஷம் முன்னாடி, வீட்டுக்கு நாலு பேர் வந்திருந்தாங்க. காளான் ரிசோட்டோ. பரிமாறி பாதி சாப்பிட்ட பிறகு ஒரு ஃப்ரெண்ட் கேட்டான், "மச்சான், இதுல ஒயின் ஊத்துவாங்க இல்ல? நீ ஊத்தினியா?" ஊத்தினேன், ஆனா எல்லாம் ஆவியாயிடும்டா, ஆல்கஹால் 78 டிகிரில கொதிச்சுப் போயிடும், ஒரு சொட்டு இருக்காது, அப்படின்னு சொன்னேன். இன்ஜினியர் இல்லையா, டிகிரி எல்லாம் போட்டு கான்ஃபிடென்ட்டா சொன்னேன். அவன் தலையாட்டிட்டு சாப்பிட்டு முடிச்சான்.

அவன் குடிக்க மாட்டான். பார்ட்டில ஜூஸ் வச்சுக்கிட்டு நிக்கிற ரகம்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். காரணம் எனக்குத் தெரியும். அவங்க அப்பா. காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு ராத்திரி சொல்லியிருக்கான், ஒரு சொட்டுகூட என் வாயில படக்கூடாதுன்னு பதினாலு வயசுல முடிவு பண்ணினேன்னு.

கொஞ்ச மாசம் கழிச்சு, வேற எதையோ தேடப் போய் ஒரு டேபிள் கண்ணுல பட்டது. 1992-ல அமெரிக்காவுல ஆல்கஹால் சேர்த்த ஆறு ரெசிபிகளைச் சமைச்சு, எவ்வளவு தங்குதுன்னு அளந்திருக்காங்க. அமெரிக்க வேளாண் துறையோட டேபிள்லயும் அந்தக் கணக்கு இருக்கு. கொதிக்கிற குழம்புல ஊத்தி உடனே அடுப்பை அணைச்சா 85 சதவீதம் அப்படியே இருக்கு. ஹோட்டல்ல தீ வச்சு ஷோ காட்டுறாங்களே, ஃப்ளாம்பே, அதுல 75 சதவீதம். கலந்து 15 நிமிஷம் கொதிச்சா 40. அரை மணி நேரத்துக்கு 35. ஒரு மணி நேரத்துக்கு 25. ரெண்டரை மணி நேரம் கொதிச்சாலும் 5 சதவீதம் நிக்குது.

நான் சொன்ன 78 டிகிரி தப்பில்ல, ஆனா அது தனி ஆல்கஹாலுக்கு. தண்ணியோட கலந்துட்டா அது தனியா எழுந்து போகாது. ஆவியில ரெண்டும் சேர்ந்துதான் போகும். ஆரம்பத்துல ஆல்கஹால் பங்கு அதிகம், சட்டியில அது குறையக் குறைய ஆவியிலயும் குறையும். கீழ வரும், பூஜ்யத்தைத் தொடாது. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரில படிச்சதுதான், எக்ஸாம் எழுதிட்டு மறந்தாச்சு. அகலமான சட்டியில வேகமாப் போகும், மூடி போட்ட ஆழமான பாத்திரத்துல மெதுவாப் போகும்.

அன்னைக்கு நான் செஞ்சதைக் கணக்குப் போட்டேன். 150 மில்லி ஒயின், 12.5 சதவீதம். ஏறக்குறைய 15 கிராம் ஆல்கஹால். 40 சதவீதம் தங்குச்சுன்னு வச்சா 6 கிராம். என்னையும் சேர்த்து அஞ்சு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல. அமெரிக்கால 'ஒரு டிரிங்க்'னு சொல்றது 14 கிராம், அதுல பன்னெண்டுல ஒரு பங்கு. ரிசோட்டோல ஒயினை முதல்லயே வத்த விடறதால நிஜத்துல இன்னும் கம்மியா இருந்திருக்கும். யாருக்கும் போதை ஏறாது.

ஆனா அவன் கேட்டது போதை ஏறுமான்னு இல்லையே. இருக்கான்னுதான் கேட்டான்.

ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன். தெரியாம இருந்தா என்ன இப்போன்னு கூடத் தோணுச்சு. அப்புறம் ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்ல. "நீ வேணும்னு செய்யலடா, அது எனக்குத் தெரியும். ஆனா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல.

அதுக்கப்புறம் நான் ஒயின் ஊத்துறதுன்னா அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன். காரணம் கேக்க மாட்டேன். மதமா இருக்கலாம், கர்ப்பமா இருக்கலாம், குடியை விட்டு மீண்டு வர்றவங்களா இருக்கலாம். அதை விட டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை எடுக்கிறவங்களுக்குக் கொஞ்சம் ஆல்கஹாலே உடம்புக்கு ஆகாது. ஒரு டின்னர்ல யாரும் இதையெல்லாம் விளக்கிட்டு உக்கார வேண்டியதில்ல.

இனி வாங்குறது. சமையலுக்கு சோவின்யோன் பிளாங் அல்லது பினோ கிரீஜியோ, கண்ணை மூடிட்டு எடுக்கலாம். ஷார்டனேன்னா ஓக் பீப்பாயில வைக்காததா பாருங்க. அந்த மர வாசனையும் வத்த வத்தச் செறிவாகி சாஸ்ல கசப்பா நிக்கும். செனின் பிளாங்ல டிரையும் உண்டு, இனிப்பும் உண்டு, லேபிளைப் படிச்சுட்டு எடுங்க. நம்ம நாட்டு ஒயினே தாராளமாப் போதும். நாசிக்ல சூலா 2000-ல முதல்ல விற்பனைக்குக் கொண்டுவந்ததே சோவின்யோன் பிளாங்கும் செனின் பிளாங்கும்தான். ஆரம்பிச்ச ராஜீவ் சமந்த் கலிஃபோர்னியால ஆரக்கிள் வேலையை விட்டுட்டு வந்தவர். திங்கட்கிழமை ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல எனக்கு அடிக்கடி அவர் ஞாபகம் வரும்.

விலை உயர்ந்தது வேணாம், அந்த நுணுக்கமெல்லாம் கொதிச்சா போயிடும். ஆனா 'குக்கிங் ஒயின்'னு தனியா விக்கிறதைத் தொடாதீங்க. குடிக்க முடியாதபடி உப்பு சேர்த்திருப்பாங்க, அப்புறம் உங்க உப்புக் கணக்கு மொத்தமும் காலி. திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜ்ல மூடி வச்சா சமையலுக்கு ஒரு வாரம் ஓடும். மிச்சத்தை நான் ஐஸ் டிரேல ஊத்தி ஃப்ரீசர்ல வச்சிடுவேன். டிரை வெர்மூத் கிடைச்சா இன்னும் சவுகரியம். ஆல்கஹால் அதிகம்கிறதால ஃப்ரிட்ஜ்ல வாரக்கணக்குல தாங்கும். ஜூலியா சைல்டே ஒயிட் ஒயினுக்குப் பதிலா அதை ஊத்தச் சொன்னவங்க.

ஒயினே இல்லாம? செய்யலாம். இதுக்கும் ஒரு கணக்கு. ஒயின்ல லிட்டருக்கு ஆறேழு கிராம் அமிலம்னு வச்சா, 150 மில்லில ஒரு கிராம். எலுமிச்சைச் சாறுல லிட்டருக்கு 50 கிராம் பக்கம் இருக்கும், ஆக 20 மில்லி போதும், ஒரு டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல. ஒயின் ஊத்துற இடத்துல வெஜிடபிள் ஸ்டாக் ஊத்துங்க, எலுமிச்சையைக் கடைசில அடுப்பை அணைச்சுட்டுப் பிழியுங்க. முதல்லயே கொதிக்க விட்டா அதோட மணம் செத்துப் போகும். காளானை ஈரம் போய்ச் சிவக்கிற வரைக்கும் கூடுதலா வறுத்துக்கோங்க, ஒயின் தர்ற ஆழத்துல பாதியை அது ஈடுகட்டும். மீதிப் பாதி வராது, பொய் சொல்ல மாட்டேன். ஃபோண்டூவுக்குக்கூட எலுமிச்சை வேலை செய்யும், சிட்ரிக் அமிலமும் கால்சியத்தைப் பிடிக்கும்.

போன மாசம் அந்த ஃப்ரெண்ட் வந்திருந்தான். இந்த எலுமிச்சை வெர்ஷன்தான் செஞ்சேன். கரண்டியோட கிச்சன்ல வந்து நின்னு, சட்டியை ஒரு பார்வை, கவுன்ட்டரை ஒரு பார்வை பார்த்தான். ஸ்டாக், எலுமிச்சை, வெண்ணெய், சீஸ், எல்லாத்தையும் அவன் கண் முன்னாடியே வச்சிருந்தேன். ரெண்டு தட்டு சாப்பிட்டான். "இன்னும் கொஞ்சம் புளிப்பு வேணும்டா"ன்னு சொல்லி, மிச்சமிருந்த அரை மூடி எலுமிச்சையை அவனே எடுத்துப் பிழிஞ்சுக்கிட்டான்.

சரி மக்களே, அடுத்த வாரம் பார்ப்போம்.